மஞ்சள் தாளும் சிக்குக் கோலமும்: தொடக்கப் பள்ளிக்கு மூன்று ஓவிய வேலைகள்

நீர் சுழற்சிப் பாடம் முடிந்ததும் மேகம், மழை, கடல் என்று வரைந்து நீலம் தீட்டச் சொல்வது நம் எல்லாருக்கும் பழக்கம். நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன். சுவரில் ஒட்டினால் வகுப்பறை களை கட்டும், பார்வையிட வருபவர்களும் இரண்டு நல்ல வார்த்தை சொல்வார்கள். ஆனால் அந்தப் படத்தை வரைய நீர் சுழற்சி தெரிந்திருக்கவே வேண்டாம். பக்கத்துப் பையனின் தாளை எட்டிப் பார்த்தால் போதும்.

அதனால் இப்போது ஓவிய வேலை எதையும் எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். பாடத்தை நீக்கிவிட்டாலும் படம் வருமா? வரும் என்றால் அதை ஓவியப் பீரியடுக்கே விட்டுவிடுவேன். இந்தக் கேள்வியைத் தாண்டிய மூன்று வேலைகளை இங்கே சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை செய்யலாம். கடையில் வாங்க வேண்டியது அநேகமாக எதுவும் இல்லை.

மஞ்சள் தாள் ஓவியம் (அறிவியலோடு)

வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டிய கறையில் சோப்புப் போட்டதும் அது சிவந்துபோவதை வீட்டில் எல்லாரும் பார்த்திருப்போம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் கரைத்த தண்ணீரோடு துளி சுண்ணாம்பு சேர்ந்ததும் ரத்தச் சிவப்பாக மாறுவதும் இதே சங்கதிதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறமி காரம் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். இதை வைத்துப் படம் வரையப் போகிறோம்.

இரண்டு நாள் வேலை. முதல் நாள் அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கலக்கி, பிரஷ்ஷாலோ பஞ்சாலோ வெள்ளைத் தாள் முழுக்கத் தடவ வேண்டும். மஞ்சள் தண்ணீரில் முழுதாகக் கரையாது, அடியில் தங்கிக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு முறை தொடும்போதும் ஒரு கலக்குக் கலக்கச் சொல்லுங்கள். தாளை நிழலில் காய வையுங்கள். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். ஒரு முறை மைதானத்தில் கல் வைத்துக் காயப்போட்டுவிட்டு, மதியம் போய்ப் பார்த்தால் பாதித் தாள்கள் வயதான வேட்டி மாதிரி இருந்தன.

இரண்டாம் நாள் 'மை' தயாரிக்கலாம். மூன்று கொட்டாங்குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் ஆப்ப சோடா ஒரு தேக்கரண்டி போட்டுக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்தது. இரண்டாவதில் துணி துவைக்கும் சோப்புக் கட்டியைச் சீவிக் கரைத்தது. மூன்றாவதில் எலுமிச்சைச் சாறு. தொட்டு வரையக் காது குடையும் பட்ஸ் போதும், வேப்பங்குச்சி நுனியில் பஞ்சு சுற்றினாலும் சரி. ஆப்ப சோடா இளம் ஆரஞ்சு போலத் தரும். துவைக்கும் சோப்பு செங்கல் நிறத்துக்குப் போகும். எலுமிச்சை இங்கே ரப்பர். தப்பாகச் சிவந்த இடத்தில் தொட்டால் மஞ்சள் திரும்பி வரும்.

பாத்திரம் கழுவும் திரவ சோப்பை நம்பிப் போகாதீர்கள். அதில் சில வகைகளுக்குக் காரத்தன்மை பெரிதாக இருக்காது. முதல் தடவை நான் அதைத்தான் எடுத்துப் போனேன். நாற்பது பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தும் ஒரு பொட்டுகூடச் சிவக்கவில்லை. எந்தக் கலவையையும் முந்தின நாளே வீட்டில் சோதித்துவிடுங்கள்.

வரையும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, இதை விட்டால் வேலை பாழ். உப்புத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், மோர், புளிக்கரைசல், ஆப்ப சோடா, சோப்பு என்று ஒரு பட்டியல் போட்டு, எது சிவக்கும், எது சிவக்காது என்று பிள்ளைகளே முதலில் ஊகித்து எழுதட்டும். பிறகு தாளின் ஓரத்தில் ஒவ்வொரு பொட்டு வைத்துப் பார்க்கட்டும். இந்த ஓரம்தான் அவர்களுடைய வண்ணப் பெட்டி. அதைப் பார்த்துத்தான் சாயங்கால வானத்துக்கு எது, செம்மண் மேட்டுக்கு எது என்று முடிவு செய்ய வேண்டும். பொட்டு வைத்துப் பார்க்காதவனுக்குப் படம் வராது.

அமிலம், காரம் என்ற சொற்கள் மேல் வகுப்பில் வரட்டும். இப்போதைக்குப் 'புளிக்கிற சாமான்', 'விரலில் வழவழக்கிற சாமான்' என்றே பேசலாம். உப்புத் தண்ணீருக்கும் மஞ்சள் மாறாது, மோருக்கும் மாறாது. அப்படியானால் இரண்டும் ஒன்றா என்று எவனாவது கட்டாயம் கேட்பான். அவனுக்காகச் செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்த சாற்றைத் தயாராக வைத்திருங்கள். அது புளிப்புக்கு அடர்ந்த இளஞ்சிவப்பாகும், சோப்புக்குப் பச்சையாகும்.

பிள்ளைகள் கையில் சுண்ணாம்பு மட்டும் வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. ஆரத்தி வித்தையை நீங்களே செய்து காட்டிவிடுங்கள். எதையும் நக்கிப் பார்க்கக் கூடாது என்பதை மூன்று தடவை சொல்லுங்கள், நான்காவது தடவையும் சொல்ல வேண்டியிருக்கும். சீருடையில் மஞ்சள் பட்டு, வீட்டில் சோப்புப் போட்டதும் சிவந்து, மறுநாள் ஒரு அம்மா சட்டையோடு வந்து நின்றார். நன்றாக அலசி வெயிலில் காயப்போடுங்கள், தாள் வெளுத்த மாதிரியே கறையும் வெளுக்கும் என்றேன். இப்போதெல்லாம் அதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறேன்.

இலை நரம்புத் தேய்ப்பு

இது ஒரே பீரியடில் முடியும். இலையின் அடிப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, அதன் மேல் மெல்லிய தாளைப் போட்டு, காகிதம் உரித்த கிரையானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்புகள் எழும்பி வரும். அடிப்பக்கத்தில்தான் நரம்பு புடைத்திருக்கும், அதைப் புரட்டி வைத்தால் ஒன்றும் தெரியாது. பூவரசு, கொய்யா, செம்பருத்தி ஆகியவற்றில் வலை மாதிரி நரம்பு. புல், மூங்கில், கரும்பு ஆகியவற்றில் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் கோடுகள். தாளை இரண்டாக மடித்து அந்தப் பக்கம் வலை, இந்தப் பக்கம் கோடு என்று பிரிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு புல்லையும் ஒரு குப்பைமேனிச் செடியையும் வேரோடு பிடுங்கி வரச் சொல்லி, அந்தந்தப் பக்கத்தில் வேரையும் பார்த்து வரையச் செய்தால், கோடு இலைக்குச் சல்லிவேர், வலை இலைக்கு ஆணிவேர் என்பதை நீங்கள் சொல்லாமலே கண்டுபிடிப்பார்கள். யாராவது சேப்பங்கிழங்கு இலை கொண்டு வந்தால் கொஞ்சம் மாட்டிக்கொள்வீர்கள். வலை நரம்பு, ஆனால் சல்லிவேர். அது விதிக்கு அடங்காத கேஸ், அதைத் தனித்தாளில் ஒட்டி வையுங்கள்.

சிக்குக் கோலம் (கணக்கோடு)

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நான்கு, ஐந்தாம் வகுப்புக்குச் சரியாக இருக்கும். கோலம் என்றதும் பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், பத்து நிமிடம் பொறுங்கள்.

நேர்ப்புள்ளி 2 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி 4 செ.மீ. இடைவெளி விட்டு அளவுகோலால் அளந்து வைக்கட்டும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளி இரண்டுக்கும், மேல் கீழ்ப் புள்ளி இரண்டுக்கும் சரியாக நடுவில் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட வேண்டும். மூலைவாட்டில் போடக் கூடாது. இங்கேயே நிறுத்தி எத்தனை குறி என்று எண்ணச் சொல்லுங்கள். 7 வர வேண்டும். குறைந்தால் எங்கோ விட்டிருக்கிறார்கள், கோலம் சேராது.

இனி இணைப்பது. ஒரு புள்ளியைச் சுற்றி அடுத்தடுத்து இருக்கும் குறிகளின் கைகளை நேர்கோட்டால் சேருங்கள். ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கையை, ஓரப் புள்ளிக்கு வெளிப்பக்கமாக வளைத்து, அடுத்த குறியின் வெளிக்கையோடு சேருங்கள். மூலைப் புள்ளியில் இந்த வளைவு பெரிதாக, காது மாதிரி வரும். முடிந்ததும் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி அறைக்குள் உட்கார்ந்திருக்கும்.

இப்போது சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து ஏதாவது ஓரிடத்தில் தொடங்கி, கோட்டின் மேலேயே போகச் சொல்லுங்கள். குறுக்கே கோடு வந்தால் திரும்பாமல் நேராகத் தாண்ட வேண்டும். தொடங்கிய இடத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். இந்தக் கோலத்தில் சிவப்பே எல்லாக் கோட்டையும் முடித்துவிடும், அதாவது ஒரே கோடு. அடுத்து 2 வரிசை 4 புள்ளி போடச் சொல்லுங்கள். சிவப்பு பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிடும். மீதிக்கு நீலம் வேண்டும். இரண்டு கோடு.

குழுவுக்கு ஒரு அளவு கொடுத்து, விடையைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வாருங்கள். 3×3-க்கு 3 கோடு. 3×4-க்கு 1. 3×6-க்கு 3. கொஞ்ச நேரத்தில் "ஒண்ணு வரும், இல்லன்னா சின்ன எண்தான் விடை டீச்சர்" என்று ஒரு குரல் வரும். மறுக்காதீர்கள். 4×6 கொடுங்கள், சார்ட் தாளில் குழுவாகச் செய்யட்டும், 38 குறி போட வேண்டியிருக்கும். வருவது 2 கோடு. அப்போது வகுப்பில் ஒரு அமைதி வரும் பாருங்கள், அதற்காகவே இந்த வேலையை ஒவ்வொரு வருடமும் செய்கிறேன்.

பிறகு 4-இன் காரணிகளையும் 6-இன் காரணிகளையும் எழுதவைத்து, இரண்டிலும் இருக்கும் பெரிய எண்ணை வட்டமிடச் சொன்னால் 2 வந்து நிற்கும். மற்ற எல்லா அளவுக்கும் அதே கதை. ஆறாம் வகுப்பில் மீப்பெரு பொதுக் காரணி என்று வரப்போவதை இவர்கள் ஸ்கெட்ச் பேனா எண்ணிக்கையாக ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். 30×40 புள்ளிக்கு எத்தனை என்று கேட்டால், வரையாமலே 10 என்பார்கள்.

கோலம் போட்டு நேரத்தைக் கழிக்கிறீர்களே என்று பெற்றோர் யாராவது கேட்டால் சொல்ல ஒரு செய்தி. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-இல் கோலத்தைக் கணினி அறிவியலோடு இணைத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினித் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் வேலை அது.

மறுநாள் காலையில் ஒரு புகார் வரக்கூடும். எனக்கு வந்தது இது: "டீச்சர், எங்க அப்பத்தா போடுறது 5 புள்ளி 5 வரிசை. ஆனா ஒரே கோடுதான் வருது." நம் கணக்குப்படி 5 வர வேண்டும். அந்தக் கோலத்தை நோட்டில் வரைந்து வரச் சொன்னேன். பார்த்தால், எல்லா இடத்திலும் கோடு குறுக்கே வெட்டவில்லை. சில இடங்களில் இரண்டு கோடும் முதுகோடு முதுகு காட்டி வளைந்து திரும்பியிருந்தன. இரண்டு வேறு வேறு கோடுகள் சந்திக்கும் குறியில் அப்படித் திருப்பிவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிடும்.

ஆகவே மூன்று நிறத்தில் முடித்த 3×3 கோலத்தையே திரும்பக் கொடுத்து, எத்தனை குறிகளை மாற்றினால் ஒரே நிறத்தில் முடியும் என்று கேளுங்கள். சரியான இடம் பார்த்து மாற்றினால் இரண்டே போதும். எந்த இரண்டு என்பதற்கு ஒவ்வொருவரும் வேறு வேறு விடை கொண்டு வருவார்கள், எல்லாக் கோலமும் பார்க்க வேறு வேறாக இருக்கும். சுவரில் ஒட்ட வேண்டியவை இவைதான்.