மலை வீட்டில் ஜன்னல் மாற்றும் செலவு: இடத்துக்கு இடம் எப்படிக் கணக்குப் போடுவது?

நாலுக்கு நாலு ஜன்னல் ஒன்று. கோயம்புத்தூரில் அதற்கு ஒரு விலை. மலை ஏறி குன்னூர் வந்தால் வேறு விலை. அதே குன்னூரில் ரோட்டை விட்டு 80 படி இறங்கிப் போகிற வீடு என்றால் விலை இன்னும் ஏறும். சதுர அடி விலையை மட்டும் போனில் கேட்டுவிட்டுப் பட்ஜெட் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். முதல்முறை மாற்றுகிறவர்களுக்காக, எங்கள் குன்னூர் வீட்டில் செய்ததை வைத்து வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: மழை எந்தப் பக்கம் அடிக்கிறது?

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை விடாது. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபருக்குப் பிறகு வருகிற வடகிழக்கு மழைதான் சோதனை. உங்கள் வீட்டில் எந்தச் சுவர் நனைகிறது என்று பாருங்கள். எங்கள் கிழக்கு அறையில் மர ஜன்னல் ஈரத்தில் ஊதி, நவம்பரில் மூடவே மூடாது. இடுக்கில் பழைய பேப்பரை மடித்துச் செருகித்தான் படுப்போம். காலையில் அந்தப் பேப்பரைப் பிழிந்தால் தண்ணீர் வரும்.

மழை அடிக்கிற சுவருக்கு வெளிப்பக்கம் திறக்கிற கதவு ஜன்னல், சுற்றிலும் ரப்பர் வைத்தது வாங்குங்கள். ஸ்லைடிங் மலிவுதான். ஆனால் அதன் இடுக்கில் காற்று புகும், தண்ணீர் வடிகிற ஓட்டை அடைத்துக்கொண்டால் தண்ணீர் அறைக்குள்ளேயே வழியும். மழை படாத சுவருக்கு ஸ்லைடிங் போதும். எல்லா ஜன்னலுக்கும் உயர்ந்த ரகம் தேவையில்லை, பெரிய மிச்சமே இதில்தான்.

படி 2: அளவை நீங்களும் எடுங்கள்

அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளங்கள். உயரத்தையும் அப்படியே. மூலைக்கு மூலையும் பிடியுங்கள். பழைய கல் கட்டட வீடுகளில் சுவர் நேராக இருப்பது அபூர்வம். அகலத்திலும் உயரத்திலும் கிடைத்ததில் சிறிய அளவுதான் கணக்கு.

எங்களுக்கு ஒரு ஜன்னலில், அளவெடுக்க வந்தவர்கள் மேல் அளவை மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். வந்த சட்டம் கீழே அரை அங்குலம் இடித்தது. டஃபன்ட் கண்ணாடியை, அதாவது சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடியை, செய்தபிறகு அறுக்க முடியாது, அறுத்தால் தூள் தூளாகிவிடும். சமவெளியில் என்றால் மறுநாள் மாற்றிக்கொண்டு வந்திருப்பார்கள். இங்கே திரும்ப ஒரு வண்டி, திரும்ப 14 கொண்டை ஊசி வளைவு. பத்து நாள் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு இருந்தோம், வீட்டில் கைக்குழந்தை வேறு. அளவுச் சீட்டில் நீங்களும் அளவெடுத்தவரும் கையெழுத்துப் போட்டபிறகே முன்பணம் கொடுங்கள்.

படி 3: பொருளும் கண்ணாடியும்

தேக்கு அழகு, ஆனால் விலையும் பராமரிப்பும் அதிகம். மூடுபனி ஊரில் யுபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக் ஊதாது, துருப்பிடிக்காது. அலுமினியம் உறுதி, ஆனால் குளிரை அப்படியே உள்ளே கடத்தும்.

டிசம்பர், ஜனவரி உறைபனிக்காக ஊட்டியில் இரட்டைக் கண்ணாடி கேட்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். கோயம்புத்தூர் சுமார் 410 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே காற்றை உள்ளே வைத்து மூடிய இரட்டைக் கண்ணாடி, மேலே வந்ததும் வெளிப்பக்கம் புடைக்கும். சீல் விடும், சில சமயம் கண்ணாடியிலேயே விரிசல் விழும். அழுத்தத்தைச் சமன்செய்யும் மெல்லிய குழாய் வைத்துத் தருவீர்களா என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேளுங்கள்.

படி 4: கொட்டேஷனைப் பிரித்து வாங்குங்கள்

ஜன்னல், வண்டி வாடகை, சுமைக் கூலி, பழைய ஜன்னல் நிலையைப் பெயர்ப்பது, பூச்சு வேலை, ஆட்கள் தங்கும் செலவு, 18% ஜிஎஸ்டி ஆகியவை தனித்தனி வரியாக வரட்டும். வண்டி வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2 ஜன்னல் என்றால் ஜன்னலுக்கு 3,000. பக்கத்து வீட்டாரையும் சேர்த்து 8 என்றால் 750தான். மலையில் செலவைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சுமைக் கூலிக்கு ரோட்டிலிருந்து வாசல் வரை வீடியோ எடுத்து அனுப்புங்கள். நாலுக்கு நாலு அளவில் 5 மி.மீ. கண்ணாடியே சுமார் 18 கிலோ. சட்டத்தோடு அதைப் படியில் இறக்க இரண்டு ஆள் வேண்டும். பேசாமல் விட்டால் வண்டி வந்து நின்றபிறகு பேரம் நடக்கும்.

படி 5: நாள் குறிப்பது

ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை நல்லது. சிமென்ட் பூச்சு காயும். ஏப்ரல், மே சீசனில் மலைப்பாதை நெரிசலில் வண்டி வந்து சேரவே அரை நாள் போய்விடும்.

வேலை முடிந்ததும் ஓஸ் பைப்பால் வெளியிலிருந்து பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள், உள்ளே ஒருவர் கீழ் மூலைகளைக் கையால் தடவிப் பார்க்கட்டும். ஈரம் தட்டவில்லை என்றால் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.