சீப்பை விடுங்கள், பின்மண்டையைப் பாருங்கள்

முடி கொட்டுகிறது என்றதும் சீப்பில் இருப்பதை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். நாளைக்கு 50 முதல் 100 முடி வரை யாருக்கும் உதிரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆண்களின் ஹார்மோன் வழுக்கையில் நடப்பது, முடி ஒவ்வொரு சுற்றிலும் மெலிந்து கடைசியில் பூனைமுடியாகிப் போவது. அதனால் உச்சந்தலையில் நாலு முடி, பின்மண்டையில் நாலு முடி வெட்டி ஒரு வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். பின்மண்டை முடி தடிமனாகவும் உச்சி முடி நூல் போலவும் இருந்தால் ஹார்மோன் மேல் சந்தேகப்படலாம். தலை முழுக்கச் சமமாகக் கொட்டினால், இரண்டு மூன்று மாதம் முன்பு கடும் காய்ச்சலோ பிரசவமோ இருந்ததா என்று யோசியுங்கள். அது பெரும்பாலும் தானாகத் திரும்பும். காசு அளவுக்கு வட்டமாகப் போனால் புழுவெட்டு, அது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை. அதற்கு டாக்டர் பெரும்பாலும் ஸ்டீராய்டு ஊசி போடுவார், ஆனால் அது அழற்சியைத் தணிக்கும் கார்ட்டிசால் வகை, ஜிம்மில் சிலர் போட்டுக்கொள்ளும் ஊசி வேறு. ஜிம் ஊசி ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் உறவு, வழுக்கை வம்சத்தில் பிறந்தவர் போட்டால் சீக்கிரமே உச்சி தெரிய ஆரம்பிக்கலாம்.

டெஸ்டோஸ்டிரோனை ஒரு என்சைம் டிஹெச்டி என்கிற இன்னும் வீரியமான ஹார்மோனாக ஆக்குகிறது, மயிர்க்காலின் அடியில் இருக்கும் பாப்பில்லா செல்கள் அதைப் பிடித்துக்கொண்டு சுற்றியுள்ள செல்களுக்குச் சேதி அனுப்புகின்றன. தாடியில் ‘வளர்’ என்கிற சேதி, உச்சியில் ‘சுருங்கு’ என்கிற சேதி. அடர்தாடியும் வழுக்கையும் ஒரே முகத்தில் இருப்பது இதனால்தான்! விரை நீக்கப்பட்டவர்களை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-லேயே, ஹார்மோனும் வேண்டும், பரம்பரையும் வேண்டும் என்று காட்டிவிட்டார். வழுக்கை விழும் ஆண்களுக்கு ரத்தத்தில் ஹார்மோன் அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அந்த டெஸ்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். பெண்களுக்கு மாதவிலக்கு தப்பி, தாடையிலும் முடி வந்தால் மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சரி, ஆண்களின் ஹார்மோன் வழுக்கைக்கு என்ன செய்வது? ஃபினாஸ்டரைடு 1 மி.கி. மாத்திரை அந்த என்சைமைத் தடுக்கிறது, ரத்த டிஹெச்டி 70 சதவீதம் வரை குறையும். சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறைவு, மனச்சோர்வு வரும், எனவே டாக்டரிடம் பேசாமல் வாங்காதீர்கள். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. தலையில் தடவும் மருந்தான மினாக்ஸிடில் ஹார்மோனைத் தொடுவதில்லை, முடியின் வளரும் பருவத்தை நீட்டுகிறது. முதல் சில வாரம் அதிகமாகவே கொட்டலாம், அங்கேதான் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். மாதம் ஒரு முறை அதே விளக்கு வெளிச்சத்தில் உச்சியைப் படம் எடுங்கள், ஆறு மாதம் கழித்து முதல் படத்தோடு வைத்துப் பாருங்கள், நடுவில் கண்ணாடி சொல்வதை நம்ப வேண்டாம்.