தூரத்தில் இருந்தபடி வீட்டாரை நலம் விசாரிப்பது எப்படி? படிப்படியாக ஒரு விளக்கம்

வீட்டை விட்டுத் தள்ளி இருப்பவர்களின் போன் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும். "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" "நல்லா இருக்கோம்." "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." "தம்பி படிக்கிறானா?" "ஏதோ படிக்கிறான்." அவ்வளவுதான், வைத்துவிடுகிறோம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் முழங்கால் வலியால் அம்மா மாடி ஏறுவதையே நிறுத்திவிட்டார் என்பது நம் காதுக்கு வராமலே போய்விடுகிறது.

பொத்தாம் பொதுவாகக் கேட்டால் பதிலும் அப்படியே வரும். நேற்றோ இன்றோ நடந்த ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக் கேட்டால்தான் உள்ளது உள்ளபடி வெளியே வரும். புதிதாக வீட்டை விட்டு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்

வாரத்தில் ஒரு நாள் நிதானமாகப் பேசுவதற்கு. மற்ற நாட்களில் இரண்டு நிமிடம் போதும். நீங்கள் வேறு நாட்டில் இருந்தால் நேர வித்தியாசத்தை அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். சில நாடுகளில் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். அந்த வாரம் அம்மா போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் இருக்க, முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

படி 2: ஆளுக்கு ஒரு பக்கம்

ஒரு நோட்டு போடுங்கள். போனில் இருக்கும் குறிப்பேடும் சரிதான். அப்பாவுக்கு ஒரு பக்கம், அம்மாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. பேசி முடித்த கையோடு இரண்டு வரி எழுதுங்கள்: "அப்பா, இடது காது அடைப்பு, வியாழன் டாக்டர்." "தங்கை, வேதியியல் செய்முறைத் தேர்வு 14ஆம் தேதி." அடுத்த முறை எடுத்ததுமே "காது எப்படிப்பா இருக்கு, டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்கலாம். இதை நினைவு வைத்திருக்கிறான் என்று தெரிந்ததும் அவர்களே மேலும் சொல்ல ஆரம்பிப்பார்கள். முழு விளக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

படி 3: முதலில் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

எடுத்ததுமே கேள்வியாக அடுக்கினால் யாருக்கும் பேச வராது. "இந்த வாரம் எனக்கு சரியான ஜலதோஷம், ரெண்டு நாள் படுத்துட்டேன்மா" என்று நீங்கள் ஆரம்பித்தால், அவர்கள் தங்கள் உடம்பைப் பற்றிப் பேசுவதும் சுலபமாகிவிடும். உங்கள் கஷ்டத்தை முழுக்க மறைத்தால் அவர்களும் மறைக்கத்தான் செய்வார்கள்.

படி 4: உடம்பைப் பற்றிக் கேட்பது

இதில்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

"மாத்திரை போடுறீங்களா?" என்றால் "போடுறேன்" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, "அந்த அட்டையைக் கையில எடுங்கப்பா, இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். தினம் ஒன்று வீதம் 30 மாத்திரை வாங்கி 20 நாள் ஆகியிருந்தால், மீதி 10 இருக்க வேண்டும். 16 இருக்கிறதா? ஆறு நாள் விட்டுப்போயிருக்கிறது. உடனே கோபப்பட வேண்டாம். ஏன் என்று கேளுங்கள். போட்டால் தலை சுற்றுகிறதா, மறந்துபோகிறதா, மாத்திரை தீர்ந்தால் வாங்கி வர ஆள் இல்லையா? மறதி என்றால் கிழமை போட்ட மாத்திரை டப்பா உதவும். தலைசுற்றல் என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விட்டதற்குச் சேர்த்து இரண்டாகப் போடச் சொல்லிவிடாதீர்கள்.

சர்க்கரை அளவு 140 என்று சொன்னால், எப்போது எடுத்தது என்று கட்டாயம் கேளுங்கள். சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்குச் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 140 என்றால் நல்ல கட்டுப்பாடு. வெறும் வயிற்றில் அதே 140 என்றால் மருத்துவரிடம் பேச வேண்டிய அளவு. ஒரு நாள் அளவு ஏறும், இறங்கும். கடந்த 2, 3 மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்பதையும் நோட்டில் குறித்து வையுங்கள்.

ரத்த அழுத்தம் வீட்டிலேயே பார்ப்பவர்கள் என்றால், ஒரு முறை வீடியோ காலில் கூடவே இருந்து பழக்கிவிடுங்கள். பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, டீ, புகை வேண்டாம். முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் பதித்து 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். பட்டையை வெறும் கையில் சுற்றி, கை இதயத்தின் உயரத்தில் இருக்கும்படி மேஜை மேல் வைக்கச் சொல்லுங்கள். அளக்கும்போது பேசக் கூடாது, நீங்களும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை அளந்து, இரண்டையும் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அந்தத் தாள் ரொம்பவே உதவும்.

எண்ணில் தெரியாத விஷயங்களும் உண்டு. "போன மாசம் போட்ட சட்டை இப்போ தொளதொளன்னு இருக்கா?" என்று கேட்கலாம். முயற்சி எதுவும் செய்யாமல் 6 முதல் 12 மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 60 கிலோ இருப்பவர் 3 கிலோ இளைத்தால், காரணத்தைப் பார்க்க வேண்டும். கீழே விழுந்தார்களா என்பதையும் தனியாகக் கேளுங்கள். "சும்மா வழுக்கிச்சு" என்று பெரியவர்கள் அதைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். ஒரு முறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம்.

வயதானால் உயர்ந்த சுருதியில் வரும் ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். பேச்சு காதில் விழும், தெளிவாக இருக்காது. கத்தினால் பயன் இல்லை. நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். வீடியோவில் உங்கள் முகத்தில் வெளிச்சம் விழட்டும். உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வார்கள்.

படி 5: படிக்கிற பிள்ளைகளிடம்

மார்க்கை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். அடுத்த முறை போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவன் நழுவிவிடுவான். "இப்போ எந்தப் பாடம் போயிட்டிருக்கு?" என்று கேட்டு, "எனக்கு மறந்துபோச்சு, கொஞ்சம் சொல்லிக்கொடேன்" என்று விடுங்கள். புத்தகத்தைப் பார்க்காமல் இன்னொருவருக்கு விளக்கிச் சொல்வது, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நன்றாக மனதில் பதியும். எங்கே தடுக்குகிறான் என்பது அவனுக்கே தெரிந்துவிடும், உங்களுக்கும்.

தேர்வு முடிந்த அன்று கேள்வித்தாளை வரி வரியாக அலச வேண்டாம். அடுத்த தேர்வு காத்திருக்கும். எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேளுங்கள். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். விடுதியில் இருக்கும் பிள்ளை என்றால் அறைத்தோழர்களின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பு வாய் ஓயாமல் பேசிய பெயர் திடீரென்று வராமல் போனால் மெதுவாக விசாரியுங்கள்.

படி 6: அன்றாடப் பேச்சு

ஒழுகும் குழாய், பக்கத்து வீட்டுக் குழந்தை, பூக்க ஆரம்பித்த செடி. இதற்கெல்லாம் நேரம் கொடுங்கள். நிறைய விஷயம் இங்கேதான் தெரியவரும். குழாயைச் சரிசெய்ய அப்பா குனியவில்லை, ஆளைக் கூப்பிட்டார் என்றால், இடுப்பு எப்படி இருக்கிறது என்று அடுத்துக் கேட்கலாம், இல்லையா?

படி 7: அவசரத்துக்குத் தயாராக

நீங்கள் அழைக்கும் அவசர உதவி எண் நீங்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போகும், அவர்கள் ஊருக்குப் போகாது. அதனால் அவர்கள் ஊர் ஆம்புலன்ஸின் முழு எண்ணும், ஓடி வரக்கூடிய ஓர் அண்டை வீட்டார் எண்ணும் உங்கள் போனில் இருக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவருக்கு வாய் ஒரு பக்கம் கோணினாலோ, சொல் குழறினாலோ, ஒரு கை மட்டும் தூக்க வராமல் போனாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம். காலை வரை பார்க்கலாம் என்று விடாதீர்கள். கடைசியாக எப்போது சரியாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே ஆள் அனுப்புங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

அண்ணன், அக்கா, தம்பி என்று நாலு பேர் இருந்தால் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டு அம்மாவைக் களைப்பாக்க வேண்டாம். மருந்து விஷயம் ஒருவர், பிள்ளைகள் படிப்பு இன்னொருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர், அளவு, ஒவ்வாமை, முன்பு செய்த அறுவைசிகிச்சை, மருத்துவர் பெயர் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி அனைவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து மாறும்போதெல்லாம் தாளின் மேலே தேதியையும் மாற்றி, பழைய பிரதியைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள்.