லென்ஸ் மாற்ற முடியாத சின்ன கேமரா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லென்ஸைக் கழற்ற முடியாத ஒரு சின்ன கேமராவை வாங்குகிறீர்கள் என்றால், உங்களுக்காக இன்னொருவர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். பைக்குள் அடங்க வேண்டும், இருட்டிலும் படம் வர வேண்டும், தூரத்தில் இருப்பதும் கிட்டே தெரிய வேண்டும். மூன்றையும் ஒரே பெட்டிக்குள் முழுசாகக் கொடுக்க ஒளியியல் இடம் தராது. எதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் வாங்குவதும், வாங்கிய பிறகு பெரிய கேமராவைப் போலவே அதைக் கையாளுவதும்தான் பெரும்பாலான ஏமாற்றங்களுக்குக் காரணம்.

மெகாபிக்சலைப் பார்த்து வாங்காதீர்கள் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதிலாக எதைப் பார்ப்பது? ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சாரின் பரப்பளவை. அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. '1 இஞ்ச் சென்சார்' என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அளந்து பார்த்தால் 13.2 x 8.8 மி.மீ.தான், எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் வராது. பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளிவிட்டக் கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் மி.மீ. அளவைத் தேடி, பெருக்கிப் பாருங்கள். சாதாரண சின்ன கேமராக்களில் வரும் 1/2.3 இஞ்ச் சென்சார் சுமார் 28 சதுர மி.மீ., 1 இஞ்ச் 116; பெரிய கேமராக்களில் வரும் ஏபிஎஸ்-சி 367, அதைவிடப் பெரிய ஃபுல் ஃபிரேம் 864. ஒரே அபர்ச்சரில் (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு), ஒரே ஷட்டர் வேகத்தில், பரப்பு எத்தனை மடங்கோ அத்தனை மடங்கு வெளிச்சம் சேரும். மாலை மங்கிய பிறகு படங்களில் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது.

அடுத்தது, நிறையப் பேர் கவனிக்காமல் விடுவது: லென்ஸின் முகப்பில் எழுதியிருக்கும் இரண்டாவது எண். 2012-இல் வந்த முதல் சோனி ஆர்எக்ஸ்100-ஐ எடுத்துக்கொள்வோம். ஃபுல் ஃபிரேம் கணக்கில் 28 முதல் 100 மி.மீ. வரை ஜூம் (எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் கிட்டே தெரியும்), அபர்ச்சர் எஃப் 1.8 முதல் 4.9 வரை (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்). விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது 1.8. ஆனால் அது 28 மி.மீ.-இல் மட்டும். ஜூமை முழுக்க இழுத்தால் உள்ளே வரும் வெளிச்சம் ஏழில் ஒரு பங்காகிவிடும். விளக்கு எரியும் ஒரு அறையில், ஜூம் செய்யாமல் 1/60 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) 400 என்று எடுத்த படத்தை, அதே இடத்தில் நின்று ஜூமை இழுத்து எடுத்தால் கேமரா ஐஎஸ்ஓ 3200-க்கு ஏறும். இல்லையென்றால் ஷட்டர் 1/8 நொடிக்கு இறங்கும், முகம் அசைந்துவிடும். 'கேமரா இருட்டில் மோசம்' என்று திட்டுகிறவர்களில் பலர் இந்த ஜூம் முனையில்தான் நின்றுகொண்டிருப்பார்கள். இருட்டில் ஜூமைத் தொடாமல் இரண்டு எட்டு முன்னால் போய் எடுங்கள். ரொம்பக் கிட்டே போனால் மூக்கு பெருத்துத் தெரியும், அதுவும் உண்மைதான். இடுப்பளவுக்கு ஃபிரேம் வைத்துக்கொண்டால் அந்தத் தொந்தரவு குறையும்.

இதே வரிசையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2014-இல் வந்த மூன்றாவது மாடல் 24–70 மி.மீ., எஃப் 1.8–2.8. 2018-இல் வந்த ஆறாவது மாடல் 24–200 மி.மீ., எஃப் 2.8–4.5. சென்சார் அளவு ஒன்றுதான். புதியதில் ஜூம் எட்டு மடங்குக்கும் மேல் போகிறது, ஆனால் ஜூம் செய்யாத நிலையிலேயே வெளிச்சம் பாதிக்கும் கீழே. வெயிலில் பயணம் போகிறவருக்கு ஆறாவது சரி; வீட்டுக்குள் குழந்தையை எடுக்கிறவருக்கு மூன்றாவதே தேவலை. மாடல் எண் கூடினால் படமும் மேம்படும் என்று நினைத்து மாற்றியவர்கள் கையில் இருந்ததையும் இழக்கிறார்கள்.

அப்புறம் அந்த 1.8-ஐ நம்பி, பின்னணி வெண்ணெய் போல உருகும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. வெளிச்சக் கணக்குக்கு 1.8 என்பது 1.8தான். பின்னணி மங்கலுக்கு மட்டும் சென்சார் அளவையும் சேர்க்க வேண்டும். 1 இஞ்ச் சென்சாருக்கு 2.7-ஆல் பெருக்கினால், ஃபுல் ஃபிரேமில் கிட்டத்தட்ட எஃப் 4.9 வைத்தால் வரும் மங்கல்தான் கிடைக்கும்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொரு பழக்கத்தின் தவறு புரியும். பெரிய கேமராவில் இயற்கைக் காட்சி எடுத்துப் பழகியவர்கள் கை தன்னால் எஃப் 8, 11 என்று போகும். சின்ன சென்சாரில் அது படத்தைக் கெடுக்கும். அபர்ச்சர் சுருங்கச் சுருங்க ஒளி அதன் விளிம்பில் விலகிப் பரவும். ஒரு புள்ளி, புள்ளியாக விழாமல் சின்ன வட்டமாக விழும். எஃப் 8-இல் பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 10.7 மைக்ரான். 20 மெகாபிக்சல் 1 இஞ்ச் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 2.4 மைக்ரான். ஒரு புள்ளி நான்கு பிக்சல்களுக்கு மேல் வழிந்தால் கூர்மை எங்கிருந்து வரும்? 1/2.3 இஞ்ச் கேமராக்களில் நிலைமை இதைவிட மோசம். 1 இஞ்ச் சென்சாருக்கு எஃப் 4 போதும். அங்கேயே ஃபுல் ஃபிரேமின் எஃப் 11-க்கு ஈடான ஆழம் வரை ஃபோகஸ் இருக்கும்.

வெயில் அதிகம் என்று அபர்ச்சரைச் சுருக்குகிறவர்கள், கேமராவுக்குள் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கண்ணாடி) இருக்கிறதா என்று மெனுவில் பாருங்கள். ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையில் அதை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. லென்ஸுக்குள்ளேயே இருக்கும் இலை ஷட்டர், அபர்ச்சர் முழுக்கத் திறந்திருக்கும்போது அதன் உச்ச வேகத்தைத் தொட முடியாது. 2011-இல் வந்த முதல் எக்ஸ்100-இல் எஃப் 2-க்கு 1/1000 நொடிதான் வரம்பு. என்டி போட்டால் மூன்று ஸ்டாப் வெளிச்சம் குறையும், அதாவது எட்டில் ஒரு பங்காகும், எஃப் 2-லேயே நிற்கலாம். மின்னணு ஷட்டர் இருக்கிறதே என்றால், வேகமாக ஓடும் பொருள் சாய்ந்து விழும், எல்இடி விளக்கில் பட்டை பட்டையாக வரும். அந்த முதல் எக்ஸ்100-க்கு இன்னொரு குணமும் உண்டு: மிகக் கிட்டே இருக்கும் பொருளை எஃப் 2-இல் எடுத்தால் பனி படர்ந்த மாதிரி மெத்தென்று இருக்கும், எஃப் 4-க்குப் போனால் தெளிந்துவிடும். 2020-இல் எக்ஸ்100வி-க்குப் புது லென்ஸ் வடிவமைத்த பிறகுதான் அது குறைந்தது. பழைய மாடலை வாங்கிவிட்டு 'ஃபோகஸ் கெட்டுவிட்டது' என்று சர்வீஸுக்கு அனுப்ப வேண்டாம்.

ஜூமே இல்லாத கேமரா வாங்குகிறவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. 'தேவைப்பட்டால் கிராப் செய்துகொள்ளலாம்', அதாவது ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம் என்பார்கள். 24 மெகாபிக்சல் ரிக்கோ ஜிஆர் 3-இல் 28 மி.மீ. பார்வையை 50-க்குக் கொண்டுபோனால் மிஞ்சுவது சுமார் 7 மெகாபிக்சல். 40 மெகாபிக்சல் எக்ஸ்100 6-இல் 35-ஐ 70 ஆக்கினால் 10 மிஞ்சும். திரையில் பார்க்கப் போதும்தான். ஆனால் சென்சாரின் ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்துகிறீர்கள், அதனால் நாய்ஸும் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சல்) பெரிதாகத் தெரியும். எப்போதாவது செய்தால் பரவாயில்லை, தினமும் செய்கிறீர்கள் என்றால் தவறான கேமராவை வாங்கியிருக்கிறீர்கள். ரிக்கோவே 2021-இல் 40 மி.மீ. பார்வையோடு ஜிஆர் 3எக்ஸ் என்று தனியாக ஒன்று விட்டது. வாங்கும் முன் உங்கள் பழைய படங்களில் பிடித்தவற்றைத் திறந்து, கூடவே பதிவாகியிருக்கும் ஃபோகல் லெங்த் விவரத்தைப் பாருங்கள். எந்த எண் திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் உங்கள் கண். எந்த விமர்சகரும் இதைவிட நல்ல யோசனை சொல்ல மாட்டார்.

குலுக்கல் தடுப்பு உங்கள் கையின் நடுக்கத்தை மட்டும்தான் நிறுத்தும். நடந்துபோகிற ஆளுக்கு 1/125 நொடியாவது வேண்டும்.

கேமரா தரும் ஜேபெக்கை மட்டும் வைத்துச் சென்சாரை எடைபோடுவதும் சரியில்லை. பல கேமராக்களில் நாய்ஸ் குறைப்பு தாராளமாக வைக்கப்பட்டிருக்கும். ஐஎஸ்ஓ 1600-க்கு மேல் தலைமுடியும் இலைகளும் தண்ணீர் வண்ணத்தில் இழுவிய மாதிரி ஆகிவிடும். மெனுவில் அதைக் கடைசி வரை குறைத்து ஒரு படம், ரா கோப்பில் (கேமரா திருத்தாத மூலப் பதிவு) ஒரு படம் என்று எடுத்துப் பாருங்கள். கொஞ்சம் புள்ளி தெரிந்தாலும் முடி முடியாக இருக்கும். இன்னொன்று, 40 மெகாபிக்சல் படத்தையும் 24 மெகாபிக்சல் படத்தையும் 100 சதவீதத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். முன்னதை அதிகமாக உருப்பெருக்கிப் பார்க்கிறீர்கள், குறையும் பெருத்துத்தான் தெரியும். 20 மெகாபிக்சல் படத்தை 300 டிபிஐ-யில் அச்சிட்டாலே 18 அங்குல அகலம் வரும். அந்த அளவில் வைத்துப் பேசுங்கள்.

கடைசியாக, கையில் வந்த கேமராவைச் சோதிக்காமல் விடுவது. ஒரே மாடலில் ஒரு லென்ஸ் நேராகவும் இன்னொன்று இம்மியளவு சாய்ந்தும் பொருத்தப்பட்டிருக்கலாம், கழற்றி மாற்றவும் முடியாது. செங்கல் சுவர் மாதிரி தட்டையான எதற்காவது நேர் எதிரே கேமராவை ஊன்றி, எஃப் 4-இல் எடுத்து இடது, வலது ஓரங்களை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவு மங்கினால் அது அந்த லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் குழைந்திருந்தால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.

தூசிக்கும் ஒரு சோதனை உண்டு. வெளியே நீண்டு உள்ளே போகும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் காற்றை இழுக்கும், காற்றோடு தூசியும் போகும். ரிக்கோ ஜிஆர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும். கேமரா அனுமதிக்கும் மிகச் சிறிய அபர்ச்சரில் வெறும் வானத்தை எடுத்தால் கறுப்புப் பொட்டாகத் தெரியும். வீட்டில் சுத்தம் செய்ய வழியில்லை, பிரித்துத்தான் ஆக வேண்டும். பஞ்சும் நூலும் உதிரும் பாக்கெட்டில் வெறுமனே போடாமல் ஒரு சின்ன உறை வாங்கிவிடுங்கள். எக்ஸ்100வி வைத்திருப்பவர்கள், அடாப்டர் வளையமும் ஃபில்டரும் மாட்டினால்தான் அதன் தூசி, ஈரத் தடுப்பு முழுமையாகும் என்பதை மறக்க வேண்டாம்.