அரம் சொன்ன பொய்

ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்குப் போன என் கவாத்துக் கத்திகளில் இரண்டு, விளிம்பு மடங்கித் திரும்பி வந்தன. "அண்ணே, ஒரு வாரம்கூடத் தாங்கல" என்றார் வாங்கியவர். மனசு கனத்துப்போனது.

லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்து, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி இறுக்கும் துவைச்சல் போட்டு, 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் இருமுறை பதப்படுத்திய கத்திகள். இறுகிய இரும்பில் அரம் வழுக்க வேண்டும்; இதில் வழுக்கவில்லை, பிடித்தது. இரும்பு இறுகவில்லை என்று முடிவுகட்டி ஒன்றை மறுபடி காய்ச்சித் துவைத்தேன். விரிசல் விட்டது. அந்த அவசரம் தேவையே இல்லை.

மற்றதைச் சேலத்தில், இரும்பின் கடினத்தை எண்ணாகக் காட்டும் ராக்வெல் மிஷின் உள்ள இடத்துக்குக் கொண்டுபோனேன். 41, 49, 44 என்று எண்கள் தாவின. மிஷின் ஓட்டியவர் கத்தியைப் புரட்டிப் பார்த்து, "உலையில படிஞ்ச கருப்புச் செதிலோட வைக்கிறீங்களே, ரெண்டு பக்கமும் சமமாத் தேய்ச்சுட்டு வாங்க" என்றார். தண்ணீர் விட்டுச் சூடேறாமல் தேய்த்துக் கொண்டுபோனேன். 57, 57, 58!

உலையின் காற்று மேல்தோலில் இருந்த, எஃகுக்கு இறுக்கம் தரும் கரியை (கார்பனை) தின்றுவிடுகிறது. உள்ளே நல்ல எஃகு, வெளியே மெத்துத்தோல். நான் விளிம்பை முன்கூட்டியே மெல்லிசாக்கியதால் அந்தத் தோலே வெட்டுவாயாக நின்றிருக்கிறது.

இப்போது வெட்டுவாயை ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் விட்டுத் துவைக்கிறேன், பிறகு தேய்த்து இறக்குகிறேன். அரச் சோதனை அதற்கப்புறம்தான். மிஷின் சோதனையைப் பிடிக்குள் மறையும் வால் பகுதியில் செய்கிறேன். சரிவான முகத்தில் வைத்தால் எண் குறைத்துக் காட்டும். தோட்டக்காரருக்கு வேறு இரண்டு கத்தி கொடுத்துவிட்டேன்.