மதுரை வீட்டில் மாடி எடுக்கப் பணம் அனுப்புமுன்

வெளிநாட்டுக்கு வந்து சம்பளம் கைக்கு வரத் தொடங்கியதும் நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது ஊர் வீடு. ஆனையூரிலோ வில்லாபுரத்திலோ அப்பா கட்டிய வீட்டின் மேல் ஒரு மாடி. மேஸ்திரி தெரிந்தவர், வாய்ப்பேச்சு போதும் என்பார்கள். போதாது, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். நீங்கள் பக்கத்தில் இல்லை. எழுதாமல் விட்ட ஒவ்வொன்றுக்கும் வெயிலில் நின்று வாதாடப்போவது வயதான அம்மாவும் அப்பாவும்தான்.

வீடு அப்பா பெயரில் இருந்தால் வரைபட அனுமதியும் ஒப்பந்தமும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். உங்கள் பெயரில் இருந்தால், இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அவருக்குப் பவர் பத்திரம் அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பழைய அஸ்திவாரம் மாடியைத் தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் எழுதி வாங்குவது இதற்கெல்லாம் முன்பே.

சண்டை அதிகம் வருவது சதுர அடிக் கணக்கில். பால்கனி முழுதாகவா, பாதியாகவா? சன்ஷேடு சேருமா? மாடிப்படிக்கு மேல் வரும் ஹெட்ரூமும் கைப்பிடிச் சுவரும் தனி ரேட்டா? எல்லாவற்றையும் எழுதுங்கள். கூலிக்கு மட்டுமான லேபர் கான்ட்ராக்டா, மெட்டீரியலோடா என்பதையும்தான். மெட்டீரியலோடு என்றால் சிமென்ட் பிராண்டு, கம்பியின் ரகம், கதவுக்கு என்ன மரம், டைல்ஸ் சதுர அடி எவ்வளவு விலை வரை என்று பெயரும் எண்ணுமாக இருக்க வேண்டும். 'நல்ல தரம்' என்று மட்டும் எழுதினால் எதையும் கேட்க முடியாது.

கான்கிரீட் தளம் இறுக யார் தண்ணீர் கட்டுவது, லாரித் தண்ணீர் யார் செலவு என்பதும் வரட்டும். பிபிசி (PPC) எனும் கலப்பு சிமென்ட் என்றால் மதுரை வெயிலுக்கு 14 நாள் ஈரம் காயக்கூடாது.

சம்பளம் வந்த தேதிக்கெல்லாம் பணம் அனுப்பாதீர்கள். லின்டல் மட்டம் (கதவு, ஜன்னல் மேல்விட்டம் வரை), தளம், பூச்சு, டைல்ஸ் என்று முடிந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள். 5 முதல் 10 சதவீதத்தை ஒரு மழைக்காலம் தாண்டும்வரை நிறுத்திவைப்பதாக எழுதுங்கள். ஒழுகல் இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை காட்டிவிடும்.

"அக்கா, இங்க ஒரு ஷெல்ஃப் போட்டுரலாமா?" என்று மேஸ்திரி கேட்பார், அம்மா தலையாட்டுவார், பில் கடைசியில் வரும். அதனால் கூடுதல் வேலை எதுவானாலும் ரேட்டை வாட்ஸ்அப்பில் எழுதி, நீங்கள் சம்மதித்த பிறகே தொடங்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

வரைபடத்தை இணைத்து இரண்டு பிரதி எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் அப்பா, மேஸ்திரி இருவர் கையெழுத்தும், கடைசியில் சாட்சிகள் கையெழுத்தும் வாங்குங்கள். அதன் படம் உங்கள் போனுக்கு வந்த பிறகு அட்வான்ஸ் அனுப்புங்கள்.