பழைய ஸ்பீக்கரா? முதலில் ஃபோமைத் தொட்டுப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கடல் ஈரக்காற்று வீசும் நம் வீடுகளில், அப்பா காலத்து இடுப்புயர ஸ்பீக்கர் ஜோடி இன்னும் கூடத்தில் நிற்கிறதென்றால், புது ஆம்ப்ளிஃபயருக்கு ரேண்டைச் சேர்ப்பதற்கு முன்னால் முன்துணியைக் கழற்றி, வூஃபரின், அதாவது தாழ்ந்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கரின், கூம்பைச் சுற்றியிருக்கும் வளையத்தை லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் என்றால் 15, 20 வருடத்தில் பிசுபிசுத்து உதிர ஆரம்பித்துவிடும், ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். ரப்பர் என்றால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். உதிர்ந்திருந்தாலும் வூஃபரைத் தூக்கிப் போட வேண்டாம், அதே அளவு வளையம் மட்டும் வாங்கி ஒட்டலாம். ஒட்டும்போது கூம்பின் பின்னால் இருக்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) உரசாதபடி கூம்பை நடுவில் நிறுத்துவதில்தான் வேலையே இருக்கிறது.

அப்புறம் கிராஸ்ஓவர், அதாவது தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்த ஒலியைச் சின்ன ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் சுற்று. அதிலுள்ள எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் வயதானால் அவற்றின் மைக்ரோஃபேரட் அளவு மாறும், ட்வீட்டர் மங்கும். அதே மைக்ரோஃபேரட், அதே வோல்ட் அல்லது கூடுதல், துருவமில்லாத வகை, இரண்டு பெட்டியிலும் ஒன்றாக மாற்றுங்கள். விலை கூடிய ஃபிலிம் வகை போட்டால் சில பெட்டிகளில் ட்வீட்டர் காதைக் குத்தும், பழையதில் இருந்த சிறு மின்தடை போய்விடுவதால். அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அந்தக் கெபாசிட்டரோடு தொடரில் சேர்த்தால் அடங்கிவிடும். தங்க முலாம் பூசிய வயருக்குக் கொட்டுகிற காசு, என்னைக் கேட்டால், வீண்.